துரைமார் ‘இன்ரஸ்ரிங்’ என்றால்

மொழிபெயர்ப்பாளர் வேலை சுகமான வேலை: சொல்வது ஒருவர், கேட்பது இன்னொருவர், ஏச்சு வாங்குவது மட்டும் நாம். என்னைப் போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மன்னாரில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நிதி கொடுப்பதுபற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பெரியவர்களைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போவது என் பங்கு.

முதல் வாய்

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி விடத்தல்தீவுப் பக்கம் குடியேறிய பிலோமினா அக்காவின் கிணறு சரியான உப்பு. மகளுக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குக் கூட்டிவர ஆசை. ‘குழாய்த் தண்ணீர் வரட்டும், அனுப்புகிறோம்’ என்று அடம்பன் ஊரில் இருக்கும் சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். அக்கா இதையெல்லாம் சொல்லி, வந்த பெரியவருக்கு அந்தத் தண்ணீரில் ஒரு கிளாஸ் நீட்டினார். அவர் ஒரு வாய் குடித்து, முகத்தைச் சமாளித்து, “இன்ரஸ்ரிங்” என்றார். அந்த இங்கிலீஷ் சொல்லுக்கு அகராதியில் ‘ஆர்வத்தைத் தூண்டுகிற’ என்று இருக்கிறது. நான் “உங்கட கதை அவற்ற மனசைத் தொட்டிட்டுதாம்” என்று அளந்துவிட்டேன்.

“தொட்டது சந்தோசம் தம்பி. குழாய் எப்ப வரும் எண்டு கேளும்.”

அகராதிப்படி

இரண்டு மாதத்தில் இன்னொருவர். அதே கிணறு, அதே கிளாஸ், அதே சொல். முன்னால் ஒரு ‘வெரி’ மட்டும் கூட. போனமுறை பொய் சொன்ன உறுத்தலில், அகராதியில் உள்ளதை அப்படியே ஒப்புவித்தேன். அக்காவின் கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உப்புத் தண்ணியில அவருக்கு என்ன ஆர்வம்? வேணுமெண்டா ஒரு கான் நிரப்பித் தாறன், கொண்டுபோகச் சொல்லும்.”

சாரதியின் பாடம்

திரும்பி வரும்போது எங்கள் சாரதியிடம் குறைப்பட்டேன். பல வருடமாக இப்படியானவர்களை ஏற்றி இறக்குகிறவர். மன்னார்த் தெருவில் நின்ற கழுதைகள் வழிவிடும்வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே, பட்டதாரியான எனக்கு யாரும் கற்றுத்தராததைக் கற்றுத்தந்தார்.

“இந்தத் துரைமார் இல்லை எண்டு வாயால சொல்லமாட்டினம். இன்ரஸ்ரிங் எண்டா அலுவல் முடிஞ்சுது எண்டு அர்த்தம்.”

மூன்றாமவர்

அதை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது பெரியவரோடு போய் வாசலை அடைத்து ஜீப்பை நிறுத்தியபோது அக்கா பையும் கையுமாக நின்றார். பேரன் பிறந்து மூன்று நாள். தாயும் பிள்ளையும் அடம்பனில். தண்ணீர் இல்லாததால் மகள் பிள்ளைப்பேற்றுக்கு இங்கே வராமலே போனாள் என்று நான் விளக்கியதும், பெரியவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து “இன்ரஸ்ரிங்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீர் சொல்ல வேண்டாம் தம்பி, எனக்கு விளங்கிட்டுது. பஸ் வரப்போகுது, ஜீப்பை விலத்தச் சொல்லும்.”

இத்தனை பயணத்திலும் பெரியவர்களுக்கு ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்த ஒரே வசனம் அதுதான்.