நன்னடத்தை நோட்டு

நன்னடத்தை அலுவலராக வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் தோன்றியது நாலாம் வகுப்பில், முழுக்க முழுக்கப் பொறாமையில். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அப்படி ஒரு அலுவலர், என் சித்தப்பாவைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டிருந்தார். என் ரேங்க் கார்டிலோ, 'நடத்தை' என்ற கட்டத்தில் டீச்சர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதுவது ஒரே சொல்: நன்று.

சங்கரன்கோவில் பூச்சந்தையில் எடைத் தகராறில் சித்தப்பா ஒருவரின் மூக்கை உடைத்திருந்தார். முதல் தவறு என்பதால் கோர்ட் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒரு வருடம் ஒழுங்காக இருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டது. அப்படி இருக்கிறாரா என்று பார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்ல அரசு நியமித்தவர்தான் அந்த அலுவலர். எனக்கு இந்தக் கோர்ட் விஷயத்தையெல்லாம் யார் சொன்னார்கள்? நன்னடத்தை என்றால் நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வருகிறவர் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். மூக்கை உடைத்தவருக்கு மாதாமாதம் திருநெல்வேலியிலிருந்து ஆள் வருகிறது, அம்மா முறுக்கு வைக்கிறாள். முதல் ரேங்க் எடுத்த என்னைக் கேட்க நாதியில்லை.

ஆறாவது மாதம் அலுவலர் வந்தபோது பொறுக்க முடியவில்லை. "சித்தப்பா நேத்தும் சந்தையில ஒருத்தர அடிச்சாவ" என்றேன்.

சித்தப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அது உண்மையானால் அவர் உள்ளே போக வேண்டியதுதான். அம்மா "ஏட்டி!" என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

அலுவலர் பேனாவை மூடினார். "நேத்து நானே அங்கன வந்திருந்தேன் மக்கா, யாருட்டயும் சொல்லாம. ஒங்க சித்தப்பா பிச்சிப்பூ மூடைதான் எறக்கிக்கிட்டிருந்தாரு. சரி, ஒனக்கு என்ன வேணும்?"

"எம் பேரையும் அந்த நோட்டுல எழுதணும்."

எல்லோரும் சிரித்தார்கள், சித்தப்பாவைத் தவிர. அலுவலர் கடைசிப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் காட்டினார். ஒரு வாரம் தெருவில் என் நடையே வேறு. நான் நுழையத் துடித்த அந்த நோட்டிலிருந்து வெளியே வரத்தான் சித்தப்பா தினமும் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வளர்ந்து, அந்த அலுவலர் வேலைக்கே தேர்வு எழுதி, போன முறை கொஞ்சத்தில் தவறிவிட்டேன். பட்டியலில் வந்த பெயர்களை வயிறெரிய இரண்டு முறை படித்தேன். வருகிற ஞாயிறு மறுபடி எழுதுகிறேன். சித்தப்பாதான் பைக்கில் கூட்டிப்போகிறார்.

"வேல கெடச்சா மொத நோட்டு நான் வாங்கித் தாரேன். மொதப் பக்கத்துல ஒம் பேர எழுதுட்டி" என்கிறார். "பொய் சொன்ன கேஸு இன்னும் பாக்கி கெடக்கு."