பதட்டம் என்று நான் சொன்னது

எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் டாக்டரிடம் பேசுகிறவன் நான்தான். யாரும் எனக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கூடப் போகிறவர் பேசுவார், நோயாளி தலையாட்டுவார். எங்கள் பக்கத்து வழக்கம் அது. திருப்பரங்குன்றத்தில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லிவிடுவேன். இந்த வாய் ஆஸ்பத்திரியில் மட்டும் சும்மா இருக்குமா?

என் மனைவி பேரையூர்க்காரி. வீட்டில் ஆரி வேலை செய்கிறாள். கல்யாண ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் மணிகளைக் கோத்துத் தைக்கும் வேலை. அவள் தைத்த மயிலைப் பார்த்துவிட்டு சமயநல்லூரிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, அவளிடம் சொன்னதில்லை.

போன வருடம் ஒரு மயிலின் கழுத்தை மூன்று தடவை பிரித்தாள்.

"கை நடுங்குதுங்க. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்கிது."

"ஆர்டர் நெருக்குதுல்ல, பதட்டப்படுற. நிதானமாச் செய்யி" என்றேன்.

பக்கத்தில் இருந்த டாக்டரிடமும் கூட்டிப் போனேன். என்ன செய்கிறது என்று அவர் கேட்டார். "படபடப்பா..." என்று அவள் ஆரம்பித்ததுமே நான் புகுந்துவிட்டேன். "சின்ன விஷயத்துக்கும் ரொம்பப் பதட்டப்படுவா டாக்டர். கல்யாணமான நாள்லேர்ந்தே இப்படித்தான்." அவர் சத்து மாத்திரையும், தூக்கத்துக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அது என் பேச்சுக்கு எழுதிய மருந்து. விழுங்கியது அவள்.

மாதங்கள் போயின. மார்கழிக் குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டாள், ஆனால் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "அம்புட்டுச் சோறும் எங்கதான் போகுது?" என்று கேலி செய்தேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அதையும் பதட்டக் கணக்கில்தான் சேர்த்தேன்.

ஒருநாள் காலையில், பாதி தைத்திருந்த கல்யாணத் துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து மடித்து, உரியவர்களுக்கே திருப்பி அனுப்பினாள். "இந்தக் கைய இனிமே நம்ப முடியாதுங்க" என்றாள். அழவில்லை. அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மதுரைக்குள் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் வழக்கம்போல நான் முன்னால் போய் உட்கார்ந்து, "இவளுக்கு ரொம்பப் பதட்டம் டாக்டர்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் வாசலிலிருந்து வாட்ச்மேன் என் வண்டி எண்ணைச் சொல்லிக் கத்தினார். "யாருதுண்ணே இது? ஆம்புலன்ஸ் உள்ள வரணும், எடுங்கண்ணே!"

ஓடிப் போய் வண்டியை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினேன். அறைக் கதவில் திரைதான் தொங்கியது. உள்ளே அவள் குரல் கேட்டது.

"பதட்டம்னு அவுக சொல்றாக. அது இல்லங்க டாக்டர். பதட்டம்னா என்னன்னு எனக்குத் தெரியும். பிள்ளைக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கி வந்துச்சு. மனசு முன்னால ஓடும், உடம்பு பின்னால ஓடும். இது அப்படியில்ல. மனசு பாட்டுக்குச் சும்மா இருக்கு. உடம்பு மட்டும் ஓடுது. உக்காந்து அரிசி பொறுக்கும்போதுகூட ஓடுது."

திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் இவ்வளவு நீளமாகத் தன் உடம்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. பேச விட்டிருந்தால்தானே கேட்டிருப்பேன்? வெட்கமாக இருந்தது. உள்ளே போகாமல் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் அவளை எச்சில் விழுங்கச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாராம். நாடி பிடித்துப் பார்த்து ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு அளவுக்கு மேல் சுரந்து உடம்பை விரட்டிக்கொண்டிருந்தது. மருந்து இருக்கிறது, கொஞ்சம் பொறுமையும் வேண்டும் என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில், "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்றாள். கோபம் கொஞ்ச நாள் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

மூன்று மாதத்தில் வளையல் மணிக்கட்டில் நின்றது. கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஒருநாள், பரணில் கிடந்த சட்டம் கூடத்துக்கு வந்திருந்தது. அதில் ஒரு மயில், கழுத்து வரைக்கும். பிரித்த தடம் எங்கும் இல்லை. இந்தத் தடவை வாயைத் திறந்து, நல்லா இருக்கு என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

போன வாரம் மறுபடி அந்த டாக்டரிடம் போனோம். "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பழக்க தோஷம், என் வாய் தானாகத் திறந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டியப் பாத்துட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"யாரும் கூப்பிடலையே?" என்றார் டாக்டர்.

"கூப்பிடல. ஆனாலும் பாத்துட்டு வாரேன்."

திரையைத் தாண்டும்போது பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தாள்.