நாயிடம் இரத்தம் கேட்ட டொக்டர்

எழுபதுகளில், துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த மிருக வைத்தியசாலையில், பருத்த உடம்பும் அரைக் காற்சட்டையுமாக ஒரு டொக்டர் இருந்தார். முதலில் நாயைத்தான் சுகம் விசாரிப்பார். கொண்டுவந்தவரைப் பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் நாய் வீமனின் காலில் கட்டி வளர்ந்து, நடக்க முடியாமல் போனதால் தூக்கிக்கொண்டு போனேன்.

"வாங்கோ வீமன் ஐயா" என்றவர், ஈறைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், பிறகு ஊசியால் இரத்தம் எடுத்தார்.

"கட்டி காலிலதானே டொக்டர்? மயக்கிப்போட்டு வெட்டிவிடுங்கோவன்."

"மயக்கிறது என்ர வேலை. எழும்புறது அவற்ற வேலை. அதுக்குப் பெலன் இருக்கோ எண்டு அவரிட்டக் கேக்க வேண்டாமோ?"

அந்த இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தவரின் சிரிப்பு மறைந்தது. உண்ணிக் காய்ச்சல் இரத்தத்தைக் கெடுத்திருந்தது.

"இண்டைக்கு மயக்கினா எழும்பமாட்டார்" என்றார்.

மருந்து கொடுத்து, வீமன் தேறிய பிறகே கட்டியை வெட்டினார். அசையாமல் கிடந்தவனுக்குப் பக்கத்தில் இருவரும் காத்திருந்தோம். டொக்டர் குனிந்து அவன் காதைத் தடவினார். வீமன் கண்ணைத் திறந்து அவருடைய விரலைக் கடித்தான்.

நான் பதறிப்போனேன். அவரோ இரத்தம் சொட்டும் விரலை உயர்த்தி, "பாத்தீங்களோ, என்ன பெலன்!" என்று குதித்தார். கடி வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் பிறகு கண்டதேயில்லை.