கடலைப் பார்த்துத் தொங்கும் கடல்பசு

வேதமுத்து இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மண்டபத்துக்கு அருகே, கடலோர அருங்காட்சியகத்தில் அன்று மாலை பொதுமக்களுக்கு நிகழ்ச்சி. அவர் மகள் ஜெப்சி வேடிக்கை பார்க்க வரவில்லை. இயந்திரப் பொறியாளர். கூரையில் தொங்கும் கடல்பசு எலும்புக்கூட்டைத் திருப்பி மாட்ட முடியுமா என்று பார்த்துச் சொல்ல அழைத்திருந்தார்கள்.

அதை மாட்டியவர் வேதமுத்துதான். தங்கச்சிமடத்தில் வள்ளம் ஓட்டியவர், தோள்பட்டை விலகிய பிறகு இங்கே உதவியாளரானார். கரையொதுங்கிய கடல்பசுவை மணலில் புதைத்து, சதை மக்கியதும் எலும்பெடுத்துக் கழுவிக் கோத்தார். கடல் பக்கத்து ஜன்னலைப் பார்த்து மாட்டினார். உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது வால்.

ஏன் என்று கேட்டதற்கு, "வள்ளத்தக் கரையில ஏத்துனாலும் மூஞ்சி கடலப் பாத்துத்தான இருக்கணும்?" என்றாராம்.

ஜெப்சி ஏணியில் ஏறினாள். கொக்கிகள் உறுதியாக இருந்தன. ஒரு கம்பியில் மட்டும் துரு. முறுக்கிய முனைகளை யாரையும் குத்தாதபடி அவள் அய்யா உள்ளே மடக்கியிருந்தார். கூரை தாங்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருப்ப மாட்டார்கள். அவர் கைப்பட வைத்ததில் மிச்சம் இது ஒன்றுதான்.

இறங்கினாள். "திருப்பலாம். தாங்கும்," என்றாள் காப்பாளர் சத்யப்பிரியாவிடம்.

அவர் நகர்ந்ததும், கீழே ஏணியைப் பிடித்திருந்த அம்மா லீமாரோஸ் முணுமுணுத்தாள். "ஒரு பொய் சொன்னா என்னடி கொறஞ்சு போச்சு?"

"எனக்கு வராதும்மா."

"அப்படியே உங்கய்யா. அந்த மனுசன் செருப்பக்கூடக் கடலப் பாத்துத்தான் கழட்டுவாரு. அதுல தடுக்கி நான் எத்தன தடவ விழுந்திருக்கேன்."

பெரிய விளக்குகளை அணைத்தார்கள். நீலத்துணி சுற்றிய விளக்குகள் மட்டும் எரிந்தன. கூட்டம் உள்ளே வந்து வாலுக்கடியில் நின்றது.

"மூஞ்சி எங்க?" என்றது ஒரு குழந்தை.

அதைத் தேடி எல்லோரும் அண்ணாந்தபடியே நடந்தார்கள். நீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக. விலா எலும்புகளின் நிழல் தோள்களில் ஊர்ந்து போயிற்று. காற்றில் கடல்பசு லேசாக அசைந்தது. மண்டையோட்டை எட்டியவர்கள் அப்படியே ஜன்னலில் நின்றுவிட்டார்கள். வெளியே அந்திக் கடல். படம் வரைய வந்த குழந்தைகள் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

சத்யப்பிரியா பார்த்துக்கொண்டே நின்றார். "திருப்பி வச்சா வாசலோட பாத்துட்டுப் போயிருவாங்க, இல்ல?" என்றார். "இப்படியே இருக்கட்டும் ஜெப்சி. அந்தத் துருக்கம்பிய மட்டும் மாத்திக் குடுங்க."

மறுநாள் காலை ஜெப்சி புதுக்கம்பியை முறுக்கி, முனைகளை உள்ளே மடக்கினாள். ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. எலும்புகள் அசைந்தன.

"முடிஞ்சிருச்சாடி?" என்றாள் அம்மா கீழிருந்து.

முடிந்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்மா," என்றாள் ஜெப்சி.