மைனஸ் பதினெட்டு

தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காசிமேடு பக்கம் இறால் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றுக்கு நான் ஒரு லைப்ரரி, அதாவது அவர்களின் மென்பொருளுக்குள் உட்காரும் சின்ன நிரல், எழுதிக் கொடுத்தேன். கிடங்கின் சென்சார் காட்டும் குளிர்நிலையை, கோயம்புத்தூரில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகியின் திரைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வேறு வேலை இல்லை.

ஆரம்பத்தில் சென்சார் ஒரு நொடி தடுமாறினாலும் அவருக்கு மெயில் போய்விடும். "இத்தனை மெயில் வந்தா எதைங்க படிக்கிறது?" என்று சலித்துக்கொண்டார். அந்த மெயில்களை நிறுத்தினேன். சென்சாரிடமிருந்து பதில் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே திரும்ப அனுப்பும்படி நிரலில் இரண்டு வரி எழுதினேன். அவர் நன்றி சொன்னார்.

கோடையில் ஒருநாள் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. சென்சாரும் கூடவே செத்தது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நிர்வாகிக்கு போன் செய்திருக்கிறார். "திரையில மைனஸ் பதினெட்டு காட்டுதும்மா, சரியாத்தான் இருக்கு" என்று நிர்வாகி போனை வைத்துவிட்டார். மறுநாள் சரக்கு முழுக்க நாறிப்போனது. திரையில் குளிர் குறையவே இல்லை என்பதால், பெட்டிகளை வெளியே எடுத்துப் போட்டு மறந்துவிட்டார் என்று அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அதற்குச் சான்றாக அந்த இரண்டு நாள் பதிவுகளைக் கேட்டார்கள். அனுப்பி வைத்தேன். அனுப்பிய பிறகுதான் அவற்றைப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட அசையாமல் அதே எண். எந்தக் குளிர்கிடங்கும் அப்படி இருக்காது. அது என் இரண்டு வரி என்று உடனே புரிந்தது. புரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் கிடங்கு முதலாளிக்கும் நிர்வாகிக்கும் உள்ளதை எழுதினேன். பிறகு திருவொற்றியூரில் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ள தண்ணி சொட்டிகினு கீது, யாரயாச்சும் அனுப்புன்னு ரெண்டு வாட்டி சொன்னேன் தம்பி. எவனும் நம்பல. எம்மேல எனக்கே டவுட்டு வந்திச்சு, தெரியுமா?"

"மறுபடி வேலைக்கு வரச் சொல்றாங்க, அக்கா."

"வேணாம்பா. வண்ணாரப்பேட்டைல துணிக்கடைக்குப் போறேன். நீ சொல்லிட்ட இல்ல, போதும். போ."

உட்காரச் சொல்லவில்லை. அதில் தப்பும் இல்லை.

இப்போது அந்த லைப்ரரி தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறது. எந்த சென்சார், எப்போதிலிருந்து பதில் இல்லை, யார் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு மெயில் போகும். சரியானதும் இன்னொன்று. பழைய எண்ணை அது காட்டுவதே இல்லை. எழுதி முடிக்க அரைநாள்கூட ஆகவில்லை. முதலிலேயே அந்த அரைநாளை நான் ஒதுக்கியிருக்கலாம்.