படம் நின்றால் பேச்சும் நிற்கும்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, மழைக்காலம். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்ட மின்தூக்கிக்குள் நான் காய்கறிப் பையுடன் நின்றிருந்தேன். கதவிடுக்கில் முதலில் ஒரு டார்ச் வெளிச்சமும், அதன்பின் ஓர் அடர்ந்த மீசையும் தெரிந்தன. "பயப்படாதீங்கம்மா. லிஃப்ட் விழாது. சும்மா யோசிச்சுக்கிட்டு நிக்குது" என்றது மீசை. பத்து நிமிடத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டு, அதற்குரியவர் படிகளில் இறங்கிப் போனார்.

எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்டுக்காரர். தரைத்தளத்தில் மனைவியோடும் மகளோடும் வசிக்கிறார். தம் சொந்த வேலைக்காக அவர் மின்தூக்கியில் ஏறி நான் பார்த்ததே இல்லை. கேட்டால், "டாக்டர் ஊசி போடுவாரு, போட்டுக்குவாரா?" என்பார்.

பகலெல்லாம் அவருக்குக் காதுதான் கருவி. கதவில் காதை வைத்து, எந்தச் சக்கரம் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். மாலையில் கணினியின் முன் அமர்ந்தாலோ, இரண்டு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொள்வார். "நான் கூப்பிட்டா கேக்காம இருக்க இப்படி ஒரு வழி" என்பது அவர் மனைவியின் விளக்கம்.

உண்மையான காரணம், வெளியூரில் இருக்கும் அவருடைய அக்கா. சிறுவயதுக் காய்ச்சலில் செவித்திறனை இழந்தவர். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவர். அவருக்காக மாதந்தோறும் குடும்பத்தார் அனைவரையும் பேசவைத்துக் கைப்பேசிகளில் படம்பிடித்து, வெட்டி ஒட்டி, ஒரு பென்டிரைவில் அனுப்புகிறார் தம்பி. அக்கா பார்ப்பதுபோலவே சத்தமில்லாமல் பார்த்து வெட்டத்தான் அந்தப் பஞ்சு. அக்கா அதைத் தொலைக்காட்சியில் செருகிப் பெரிதாகப் பார்ப்பார். பேசும்போது வாயில் எதையும் போட்டு மெல்லக் கூடாது. வாயைப் பொத்திச் சிரிக்கக் கூடாது. முகத்தைத் திருப்பக் கூடாது. ஐந்தாண்டுகளுக்கு முன் லிஃப்ட்டுக்காரரின் மீசை காணாமற்போனதும் இதனால்தான். "உன் வாய்க்கு யாருடா திரை போட்டது?" என்று அக்கா எழுதியிருந்தாராம்.

சென்ற மாதம் அக்காவுக்கு அறுபதாவது பிறந்தநாள். அதற்காக அரைமணி நேரக் காணொளி ஒன்றைத் தயாரித்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அக்காவின் மகன் வந்து அதை எடுத்துச்செல்வதாக ஏற்பாடு. சனிக்கிழமை பிற்பகலில் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க டிவியும் அக்கா டிவியும் ஒரே வருஷத்துப் பிள்ளைங்கம்மா. இதுல ஓடினா அதுல ஓடும்."

ஓடவில்லை. அவர் கணினியில் துள்ளிக்கொண்டு ஓடிய காணொளி, என் வீட்டில் நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்தது. மகளின் வாய் பாதி திறந்தபடி நிற்க, குரல் மட்டும் தன்போக்கில் போய்க்கொண்டிருந்தது. சத்தந்தான் தடையின்றி வருகிறதே என்று ஆறுதலாகச் சொன்னேன்.

"சத்தம் நமக்கும்மா. அக்காவுக்குப் படம் நின்னா பேச்சே நின்னு போச்சு."

பென்டிரைவை மாற்றினார். செருகும் துளையை மாற்றினார். நான்கு மாடிகளையும் நான்குமுறை இறங்கி ஏறினார். ஐந்தாம் முறை வந்தபோது மூச்சு வாங்கியது, முகம் மலர்ந்திருந்தது.

"தப்பு என்னோடதுதான். நாலு போன்ல எடுத்தேனா? ஒண்ணு நொடிக்கு முப்பது படம் எடுக்குது, ஒண்ணு அறுபது. அப்படியே கோத்துட்டேன். போதாததுக்கு, படம் பளிச்சுன்னு இருக்கணும்னு ஃபைலையும் பெருசாக்கிட்டேன். ஆறு பேர் போற லிஃப்ட்ல பன்னெண்டு பேரை ஏத்தினா, நடுவுலதானே நிக்கும்? இப்ப எல்லாத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, ஃபைலையும் சின்னதாக்கி, பாதிப் பேரை இறக்கிட்டேன்."

முதலிலிருந்து முடிவுவரை ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியது. நான் கைதட்டினேன். அவரோ மீண்டும் தொடக்கத்துக்குப் போய், ஒலியை முழுவதும் குறைத்தார்.

"யார் என்ன சொல்றாங்கன்னு எனக்கு மனப்பாடம்; அதனால எனக்கு எல்லாம் புரியற மாதிரிதான் இருக்கும். நீங்க படிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கே புரிஞ்சா, அக்காவுக்குத் தண்ணி பட்ட பாடு."

மகள், "அத்தை, லீவுக்கு வர்றேன்" என்றதைப் படித்துவிட்டேன். மனைவி, "உங்க தம்பியைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க அண்ணி" என்றதையும் படித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அடுத்து அவருடைய மச்சான் திரையில் வந்தார். அன்று நண்பகலில்தான் ஊரிலிருந்து வந்து இறங்கியவர். மீசைக்கென்றே சட்டைப்பையில் தனிச் சீப்பு வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மீசை ஏறியது, இறங்கியது. சொல் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"எப்படித் தெரியும்? காட்டுக்குள்ள நின்னுல்ல பேசறான்!" என்றார் லிஃப்ட்டுக்காரர். பிறகு குரல் தணிந்தது. "எங்க வீட்டுலயே அக்காவைச் சிரிக்க வைக்கிறவன் இவன் ஒருத்தன்தாம்மா. வீடியோ வந்ததும் முதல்ல இவனைத்தான் தேடுவாங்க."

"எடுத்த மீசைய வைக்கலாம் மாப்பிள்ள, வச்ச மீசைய எடுக்க முடியாது!" என்று அந்த மச்சான் சற்றுமுன் படிக்கட்டில் முழங்கியது எனக்கும் கேட்டிருந்தது. இப்போது தரைத்தளத்தில் அவர் உண்ட களைப்பில் உறங்குவதாகத் தகவல்.

லிஃப்ட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, மிகுந்த பணிவுடன் என்முன் கையை நீட்டினார்.

"அம்மா, உங்ககிட்ட சின்னக் கத்தரிக்கோல் ஒண்ணு இருக்குமா? சத்தம் வராததா?"