டிரைவர் அக்காவின் தையல்

பள்ளி வேனை இருபத்தெட்டு வருடம் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் அக்காவுக்கு, ஸ்டியரிங் பிடித்த கையால் ஊசி பிடிக்க வரவே இல்லை. அவர் தைத்தால் ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில் வேனையே திருப்பலாம். ஆசை மட்டும் மலையளவு.

புதன்கிழமை மூன்று மணிக்கு நூலகத்து மாடி அறையில் அக்காவோடு சேர்த்து நான்கு பெண்கள் கூடுவார்கள். பழைய சட்டை, பாவாடை, திரைச்சீலை எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி, நிறம் பார்த்து இணைத்து, அடியில் பஞ்சு வைத்து, மேஜையில் விரித்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து போர்வையாகத் தைப்பார்கள். தைத்து முடித்த போர்வை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகும். பச்சைக்குப் பக்கத்தில் ஊதாவா, மஞ்சளா என்று அரை மணி நேரம் சண்டை போடுவதில் உள்ள சுகம் அக்காவுக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. மற்ற ஆறு நாளும் வீட்டில் பேச ஆள் கிடையாது. தொலைக்காட்சியைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

கூட்டத்துக்குத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எல்லோருக்கும் டீச்சர். மற்ற இருவர் நர்ஸம்மாவும் பேக்கரிக்காரம்மாவும். டீச்சர் தையலில் யாரும் குறை கண்டதில்லை. கண்டாலும் சொல்லும் துணிச்சல் எவருக்கும் இல்லை.

ஒரு புதன் ஐந்து மணிக்குக் கிளம்பிய அக்கா, வீட்டுச் சாவியை மறந்து பாதி வழியில் திரும்பினார். மாடி அறைக் கதவைத் திறந்தால், மற்ற மூவரும் போகவே இல்லை. அக்கா தைத்த பக்கத்தைச் சூழ்ந்து உட்கார்ந்து, சின்னக் கத்தரிகளால் அதை மும்முரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வேறு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்றார் அக்கா.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. "அது வந்து... ரெண்டு வருஷமாக்கா," என்றார் நர்ஸம்மா.

அக்கா அங்கே சேர்ந்தே இரண்டு வருடம்தான். ஆக, அத்தனை குழந்தைகள் போர்த்திக்கொண்ட போர்வைகளில் அவர் தையல் ஒன்றுகூடக் கிடையாது. சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

அடுத்த புதன் மூன்று மணிக்குச் செருப்பை மாட்டினார், கழற்றினார். அதற்கடுத்த புதனும் அதே கதைதான். மூன்றாவது புதன் மூவரும் போர்வை மூட்டையோடு அவர் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"அதுவும்தான்," என்றார் பேக்கரிக்காரம்மா. "நீங்க இல்லாம அஞ்சு மணிக்கே வேலை முடிஞ்சிடுதுக்கா. பிரிச்சுத் திரும்பத் தைக்க ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குப் போக வேண்டியதா இருக்கு."

"போங்களேன்!"

"வீட்ல அவர் இருக்காரேக்கா!" பேக்கரிக்காரம்மா அழாத குறை. "அந்த ஒரு மணி நேரந்தான் எங்களுக்கு நிம்மதி. டீச்சர் சிரிக்கறதே அப்பத்தான்."

கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார் அக்கா. முடியவில்லை, சிரிப்பு வந்து தொலைத்தது. "சரி. ஆனா பிரிக்கும்போது நானும் உக்காருவேன். என் தையலை நானேதான் பிரிப்பேன்."

அங்கேயே கூடத்தில் போர்வையை விரித்தார்கள். ஐந்து மணி வரை தைத்தார் அக்கா, வழக்கம்போலக் கண்றாவியாக. பிறகு கத்தரியை எடுத்தார். பிரிப்பதில் அவர் புலி! மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் மூன்று வரிசை முடித்துவிட்டார். கைதான் கோணல். கண், இருபத்தெட்டு வருடம் சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தே பழகிய கண். தன் பக்கம் முடிந்ததும் அது மெல்ல அடுத்த பக்கத்துக்குப் போய் நின்றது.

"டீச்சர், இது நீங்க போட்டதுதானே? வரிசை நடுவுல லேசா மேல ஏறியிருக்கே."

நர்ஸம்மா கத்தரியைக் கீழே வைத்தார். பேக்கரிக்காரம்மா கூரையைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, விரலால் அளந்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மற்ற இருவரையும் முறைத்தார்.

"இத்தனை வருஷமா ஒருத்தியாவது சொன்னீங்களாடி?"

போர்வையின் அந்த ஓரத்தை அக்காவின் மடிக்குத் தள்ளினார்.

"நீ பிரி. நான் திரும்பத் தைக்கறேன். அடுத்த வாரத்துலேர்ந்து என் பக்கத்துல உக்காரு."